தேர்த்துகளின் கணக்கு

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருத்தேர் நிலைவிட்டுப் பெயருங்கால், தேர்க்காலின்கீழ் நெரிந்தெழும் புழுதியை இப்பக்கத்தார் பலரும் கண்டிருப்பர். அத்தகைய புழுதியின் ஒரு துகளைப் பெயராகக் கொண்டு நம் பழைய கணக்காயர் ஓர் எண்ணை வழங்கினர். தேர்த்துகள் என்பது அதன் பெயர். ஒன்று என்னும் முழுமையை 2323824530227200000000 பங்காகப் பகுத்து, அப்பங்குகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதுவே தேர்த்துகளாம். இருபத்திரண்டு இலக்கங்களையுடைய இப்பேரெண் இரண்டு கோடி கோடி கோடிக்கும் மேற்பட்டது. இதனைக் குறித்து நம் கல்லூரி மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் ஒரு சிறுமி கேட்ட கேள்வியே.

தேர் காணச் செல்லும் வழியில், இராஜபாளையத்தில் நம் பழைய கல்லூரித் தோழர் ஒருவர் இல்லத்தில் முன்னாள் மாலையே தங்கினோம். அவர் பஞ்சாலையில் வேலை பார்ப்பவர். அவர் மகள் தன் பள்ளியிற் பரிசாகப் பெற்ற அச்சுப்படம் ஒன்று கூடத்துச் சுவரில் தொங்கியது. தமிழர் வழங்கிய கீழ்வாய் எண்கள் யாவும் முக்கால், அரை, கால் முதலாகத் தேர்த்துகள் ஈறாக அதில் நிரலே அடுக்கப்பட்டிருந்தன. இத்தகைய அட்டவணை இப்போது விழா மலர்களிலும் நாட்காட்டிகளிலும் கைப்பேசிகளிலும் எங்கும் உலவுவதை அன்பர்கள் அறிவர். நாமும் பலமுறை கண்டு, வியந்து, அப்பாற் சென்றவரே. அப்பெண் படத்தின் கடைசி வரியைச் சுட்டிக்காட்டி, "மாமா, இவ்வளவு பெரிய எண்ணை யார் பெருக்கிப் பார்த்தார்கள்?" என்றாள். முன்னோர் பார்த்தனர் என்று விடையிறுத்தோம். "அச்சடித்தவர்கள் பார்த்தார்களா?" என்று அவள் மீண்டும் கேட்டாள். அதற்கு நம்மிடம் விடையில்லை. இராவுணவு முடிந்தபின் தாளும் பென்சிலுமாக மூவரும் அமர்ந்தோம்.

முதற்கண், இவ்வெண் எவ்வாறு கட்டப்பட்டது என்பதைச் சொல்லுதல் வேண்டும். இருபதில் ஒன்று மா. அதனிற் கால் காணி, அஃதாவது 80இல் ஒன்று. காணியிற் கால் முந்திரி, அஃதாவது 320இல் ஒன்று. இவ்வளவும் சந்தையிலும் களத்துமேட்டிலும் நாள்தோறும் புழங்கியவை. திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியை உரக்கப் பாடி நெட்டுருச் செய்தது இவற்றின் பொருட்டே. முந்திரிக்குக் கீழும் பகுக்க வேண்டியவிடத்து, முந்திரியையே ஒன்றாகக் கருதி மீண்டும் 320 ஆகப் பகுத்தனர். அது கீழ்முந்திரி, 102400இல் ஒன்று. இதன்கீழ் இம்மி, அதன்கீழ் மும்மி. மும்மி என்பது 23654400இல் ஒன்று. மும்மியை ஏழாகப் பகுத்தால் அணு. அணுவை ஒன்பதாகப் பகுத்தால் குணம். குணத்தை ஐந்தாக்கினால் பந்தம். பந்தத்தை ஆறாக்கினால் பாகம். பாகத்தை ஏழாக்கினால் விந்தம். விந்தத்தைப் பதினேழாக்கினால் நாகவிந்தம். அதனைப் பதினான்காக்கினால் சிந்தை. பின்னர் இருபதாற் கதிர்முனையும், நாற்பதாற் குரல்வளைப்படியும், அறுபதால் வெள்ளமும், நூறால் நுண்மணலும், இறுதியாக ஆறரையால் தேர்த்துகளும் வருகின்றன. (வெள்ளம் என்பது பழந்தமிழிற் பேரெண்ணுக்கும் பெயர். இங்கே அதே சொல் மிகச் சிறிய பின்னத்திற்கு வந்து நிற்பது ஒரு வேடிக்கை.)

இப்படிகளுள் ஒன்றும் அச்சுப்படத்தில் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் எண் மாத்திரம் இருந்தது. படிகளை நாமே ஒவ்வொரு வரியையும் முந்திய வரியால் வகுத்துக் கண்டுகொண்டோம். சிந்தை வரையில் யாதொரு தடையும் இல்லை. ஏழு, ஒன்பது, ஐந்து என்று முழு எண்களே விடையாக வந்தன. கதிர்முனைக்கு வந்ததும் கணக்கு முட்டிக்கொண்டது. படத்தில் அதற்கு 489631109120000 என்றிருந்தது. இதனைச் சிந்தையின் எண்ணாகிய 74481555456000 ஆல் வகுத்தால் ஆறரைக்குச் சற்று மேற்பட்ட ஒழுங்கற்ற பின்னம் வருகிறது. அடுத்த வரியாகிய குரல்வளைப்படிக்கு 9585244364800000 என்றிருந்தது. அதுவும் முந்திய வரியால் முழுமையாக வகுபடவில்லை. அதற்கடுத்த வெள்ளமோ, இவற்றை விடுத்துச் சிந்தையோடு நேரே ஒப்பிட்டால் சரியாக 48000 மடங்கு வருகிறது. ஆகவே இடையிலுள்ள இரண்டு வரிகளே பழுதுற்றவை என்பது வெளிப்படையாயிற்று.

அங்கே அப்பெண்தான் வழி கண்டாள். ஓர் எண் ஒன்பதால் வகுபடுமாயின் அதன் இலக்கங்களைக் கூட்டிவரும் தொகையும் ஒன்பதால் வகுபடும் என்பது பள்ளிக் கணக்கு. குணம் என்னும் படியில் ஒன்பது வந்து சேர்ந்துவிட்டமையால், அதற்குக் கீழுள்ள வரிகள் யாவும் ஒன்பதால் வகுபட்டே தீரவேண்டும். குணத்தின் இலக்கத்தொகை 27, பாகத்தினது 36, நாகவிந்தத்தினது 18, சிந்தையினது 54, வெள்ளத்தினது 63, தேர்த்துகளினது 45. யாவும் ஒன்பதின் மடங்குகளே. படத்திலிருந்த கதிர்முனையின் தொகையோ 44. குரல்வளைப்படியின் தொகை 58. முன்னதற்கு ஒன்று குறைவு. பின்னதற்கு ஐந்து குறைவு. சிந்தையை இருபதாற் பெருக்கினால் வருவது 1489631109120000. அதனை நாற்பதாற் பெருக்கினால் வருவது 59585244364800000. படத்தில் முதலெண்ணுக்கு முன்னிருக்க வேண்டிய 1 என்னும் இலக்கமும், இரண்டாமெண்ணுக்கு முன்னிருக்க வேண்டிய 5 என்னும் இலக்கமும் உதிர்ந்து போயிருந்தன! இன்ன இலக்கம் காணாமற் போயிற்று என்பதையும் ஒன்பதின் சோதனையே சொல்லிவிட்டது. அவ்விரவு அம்மூவருள் மிக மகிழ்ந்தவர் யாரென்று சொல்ல வேண்டுவதில்லை.

இச்சோதனை குற்றமற்றதன்று என்பதையும் மாணவ அன்பர்க்குச் சொல்லி வைப்போம். உதிர்ந்த இலக்கம் பூச்சியமாகவோ ஒன்பதாகவோ இருப்பின் தொகை காட்டிக்கொடாது. இரண்டு இலக்கங்கள் இடமாறி அச்சானாலும் காட்டிக்கொடாது. தேர்த்துகளின் எண்ணுக்கு ஈற்றில் எட்டுப் பூச்சியங்கள் உள. அவற்றுள் ஒன்றிரண்டு குறைந்தாலும் ஒன்பது வாய் திறவாது. அவற்றைப் படிப்படியாகப் பெருக்கியே காக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் இதே அட்டவணையை வேறு சில அச்சுப்பிரதிகளிலும் தேடிப் பார்த்தோம். அதே இரண்டு இலக்கங்கள் அவற்றுட் சிலவற்றிலும் இல்லை. ஒருவர் விட்டதை மற்றவர் அப்படியே எடுத்தெழுதியிருக்கின்றனர். இம்மியின் எண்ணும் பிரதிக்குப் பிரதி வேறுபடுகிறது. சிலர் 2150400இல் ஒன்று என்பர். சிலர் 1075200இல் ஒன்று என்பர். முன்னதாயின் கீழ்முந்திரிக்கு இருபத்தோர் இம்மியும், இம்மிக்குப் பதினொரு மும்மியும் ஆகும். பின்னதாயின் பத்தரை இம்மியும், இருபத்திரண்டு மும்மியும் ஆகும். இரண்டு வழியும் மும்மியில் வந்து ஒன்றாகக் கூடிவிடுவதால், இது பிழையன்று, இருவேறு வழக்கென்றே கருத இடமுண்டு. இதனைக் கணக்கினால் தீர்க்க இயலாது. சுவடி பார்த்தே தீர்க்க வேண்டும். கணிதம் எங்கே பேசும், எங்கே வாய்மூடும் என்பதற்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு.

இனி, இவ்வெண்ணைக் குறித்துப் பலரும் பேசும் பெருமையைப் பார்ப்போம். அணுவையும் அணுவினுள் உள்ளதையும் நம் முன்னோர் அளந்துவிட்டனர், அதற்கு இந்த அட்டவணையே சான்று, என்று மேடைகளிற் கேட்கிறோம். இஃது எத்துணை பொருந்தும்? இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அவ்வழி முழுவதையும் ஒன்று என வைத்துத் தேர்த்துகள்களாகப் பகுத்தால், ஒரு பங்கின் நீளம் புரோட்டானின் குறுக்களவில் முந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியதாகும். ஒரு முழக் கயிற்றைப் பகுத்தால் எவ்வளவாகும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்க. இத்தகைய நுண்மையை எந்தக் கோலால், எந்தத் தராசால் ஒருவர் அளந்திருக்கக் கூடும்?

அன்றியும், நீட்டலளவைக்கு நம்மவர் வழங்கிய வாய்பாடு வேறொன்று உண்டு. அணு எட்டுக் கொண்டது தேர்த்துகள். அது எட்டுக் கொண்டது பஞ்சிழை. பின்னர் மயிர், மணல், கடுகு, எள், நெல், விரல் என எட்டெட்டாக ஏறிச்செல்லும். அங்கே தேர்த்துகள் அணுவினும் எட்டு மடங்கு பெரியது. கீழ்வாய் எண்களிலோ ஓர் அணுவிற்குள் 14034384000000 தேர்த்துகள்கள் அடங்கும். அஃதாவது பதினான்கு லட்சம் கோடிக்கு மேல். ஒரே இரு பெயர்கள் ஓரிடத்தில் ஏறியும் மற்றோரிடத்தில் இறங்கியும் வருமாயின், அவை உலகத்துப் பொருள்களின் அளவாதல் எங்ஙனம்? சிறுமையைக் காட்டும் அழகிய சொற்கள் சில இருந்தன. கணக்காயர் இரண்டிடத்தும் அவற்றை எடுத்துப் பெயராக வைத்தனர், அவ்வளவே.

இதனை நம் தோழரிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே பஞ்சிழையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தொழில் அது. எட்டெட்டாக இறங்கினால் ஒரு விரலில் 262144 பஞ்சிழைகள் அடங்க வேண்டும். விரலின் அகலத்தை இரண்டு சென்டிமீட்டர் என்று தாராளமாகவே கொள்வோம். அப்படியும் வாய்பாட்டின்படி வரும் இழையைவிட மெய்யான பருத்தியிழை ஏறத்தாழ இருநூறு மடங்கு தடிப்பானது. மெய்யிழை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றரைப் பங்களவு இருக்கும். "இந்த வாய்பாட்டை நம்பி நூல் நூற்றால் ஆலையை மூடவேண்டியதுதான்" என்றார் அவர்.

அங்ஙனமாயின் இவ்வெண் வீணா? வீணன்று. இதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அதனை யாரும் பேசக் கேட்டிலோம்.

இப்பேரெண்ணைப் பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தால் 2 இருபத்திரண்டு முறையும், 3 ஐந்து முறையும், 5 எட்டு முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 என்பன ஒவ்வொரு முறையும் வருகின்றன. இரண்டு முதற் பதினேழு வரையுள்ள பகா எண்கள் ஏழில் ஒன்றும் விடுபடவில்லை. பதினேழுக்கு மேற்பட்ட ஒன்றும் உட்புகவுமில்லை. ஆகவே ஒன்று முதற் பதினெட்டு வரையுள்ள எவ்வெண்ணாலும் இது மிச்சமின்றி வகுபடும். பத்தொன்பதில் முதன்முதலாகத் தவறும். இதனை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 49680.

இது தற்செயலாக நேர்ந்ததென்று நமக்குத் தோன்றவில்லை. முந்திரியின் 320இல் இரண்டும் ஐந்துமே உள்ளன. அதனைக்கொண்டு அரைக்கலாம், காலாக்கலாம், ஐந்திலொன்று எடுக்கலாம். ஆயின் மூன்று பேருக்குச் சரியாகப் பங்கிட முடியாது. ஒரு படியை மூன்றாக்கினால் 106 முந்திரியும் மிச்சமும் வரும். கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் 34133 போக மூன்றிலொன்று மிஞ்சும். இரண்டையும் ஐந்தையும் மாத்திரம் வைத்துக்கொண்டு எத்துணை ஆழம் இறங்கினாலும் மூன்றும் ஏழும் கிட்டா. இன்று கிலோகிராமை ஆயிரம் கிராமாகப் பகுக்கும் நமக்கும் இதே இடர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் ஒரு கிலோ பால்கோவா வாங்கி மூன்று வீட்டாருக்குப் பங்கிட்டுப் பார்த்தவர் இதனை அறிவர். நம் பங்கில் அம்மிஞ்சிய துணுக்கு யார் வாய்க்குச் சென்றதென்பதை இங்கே வெளியிடோம். இம்மி வந்ததும் இவ்விடர் நீங்குகிறது. அதிலுள்ள இருபத்தொன்று மூன்றையும் ஏழையும் ஒருங்கே கொண்டுவந்துவிட்டது. மும்மியிற் பதினொன்று புகுந்தது. நாகவிந்தத்திற் பதினேழு புகுந்தது. எஞ்சி நின்ற பதின்மூன்று, இறுதிப்படியில் ஆறரை என்னும் அவ்வினோதமான எண்ணின் வாயிலாகத் தேர்த்துகளில் வந்தமர்ந்தது. ஆறரை என்பது பதின்மூன்றிற் பாதியன்றோ? பதினெட்டுப் பேர் வரை எத்தனை பேர் கூடினும் மிச்சமின்றிப் பங்கிடத்தக்க ஓர் ஒன்றை அமைத்த மனம் சாமானியமானதன்று. அளந்தவன் மனமன்று அது, பங்கிட்டவன் மனம்.

எனினும், அளவுக்கு மீறிப் புகழ்வதும் தகாது. ஒன்று முதற் பதினெட்டு வரை வகுபடுவதற்கு இருபத்திரண்டு இலக்கம் வேண்டியதில்லை. 12252240 என்னும் எட்டிலக்க எண்ணே போதும். அதுவே அத்தகைய எண்களுள் மிகச் சிறியது. தேர்த்துகளின் எண் இதனைப்போல் 189665280000000 மடங்கு. ஏன் இத்துணை மிகை? கதிர்முனை முதல் நுண்மணல் வரை வரும் 20, 40, 60, 100 என்னும் நான்கு படிகளும் புதிய பகா எண் ஒன்றையும் கொண்டுவரவில்லை. இரண்டையும் மூன்றையும் ஐந்தையுமே மேலும் மேலும் அடுக்குகின்றன. சிந்தை வரையிற் கட்டியவன் பங்காளி. அதற்குமேற் கட்டியவன் வியப்பூட்ட விரும்பியவன் என்று நாம் கருதுகிறோம். பேராசிரியர்கள் மறுப்பார்களாயின் அடுத்த மலரில் மறுக்கலாம்.

இவ்விடத்தில் ஈரோட்டிற் பிறந்த இராமானுஜனை நினையாதிருத்தல் இயலாது. தன்னிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுக்கும் எண்களையுடைய எண்களை அவர் ஆராய்ந்து, 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள பட்டியலின் இறுதியெண் 6746328388800. பதின்மூன்று இலக்கங்களே உடைய அதனை 10080 எண்கள் மிச்சமின்றி வகுக்கும். அத்தகைய எண்களில், சிறிய பகா எண் வரும் முறை பெரியது வரும் முறையினும் குறையாது என்பது இராமானுஜன் காட்டிய நியதி. அவ்விறுதியெண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இவ்விரு முறை, 11 முதல் 23 வரையுள்ளவை ஒவ்வொரு முறை. தேர்த்துகளிலோ 3 ஐந்து முறையும் 5 எட்டு முறையும் வருதலால் நியதி பிறழ்கிறது. அவ்விரண்டின் முறைகளையும் மாற்றி அமைத்தால், அதே 49680 எண்களால் வகுபடும் எண் நான்கு மடங்கிற்கு மேற் சிறிதாகிவிடும். பத்துப் பத்தாக அடுக்கியதன் பயன் இது. இராமானுஜன் வழியிற் செல்வோமாயின், பதினெட்டே இலக்கங்களையுடைய 897612484786617600 என்னும் எண்ணுக்கு 103680 வகுக்கும் எண்கள் உண்டு. தேர்த்துகளுக்கு உள்ளதைப்போல் இரு மடங்கிற்கும் மேல்.

இராமானுஜனின் அப்பட்டியலிலும் ஒரு பிழை உண்டென்பதை நம் மாணவருட் பலர் அறியார். பட்டியலில் 102 எண்கள் உள. இடையில் இருக்க வேண்டிய 293318625600 என்னும் எண் விடுபட்டுப் போயிற்று. இதனை 5040 எண்கள் வகுக்கும். பின்வந்தோர் கணக்கிட்டுப் பார்த்து இக்குறையைக் கண்டறிந்தனர். விடுபட்ட அவ்வெண்ணை இருபத்து மூன்றாற் பெருக்கிப் பாருங்கள். 6746328388800, அவருடைய பட்டியலின் இறுதியெண்ணே வரும்! கடைசி வரியிலேயே விடுபட்டது ஒளிந்திருந்தது. இதனால் இராமானுஜனின் புகழுக்கு யாதொரு குறையும் நேரவில்லை. பிழையைக் கண்டவர் அவரை இகழ்ந்தவர் அல்லர். அவரை முழுமையாக, வரிக்கு வரி, படித்தவர்.

ஆகவே, அச்சிலுள்ள பிழையை எடுத்துக்காட்டினால் தமிழின் பெருமை குன்றும் என்று அஞ்சுவாரோடு நாம் உடன்படோம். அத்தகைய ஒருவர், நமக்கு மிகவும் வேண்டியவர், இதனைக் கேட்டுவிட்டு, "இரண்டு இலக்கம் போனால் என்ன ஐயா, அதைக்கொண்டு யார் என்ன வாங்கப் போகிறார்கள்?" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதே இங்குள்ள நோயின் வேர். முந்திரியிலும் காணியிலும் பிழை வந்திருக்குமாயின் அன்றைக்கே ஒரு குடியானவன் களத்துமேட்டில் நின்று கூவியிருப்பான். அவன் நெல் அதில் இருந்தது. நாம் பார்த்த பிரதிகளுள் காணி 80 என்பதையும் முந்திரி 320 என்பதையும் யாரும் பிழைபட அச்சிடவில்லை. பிழை நேர்ந்தவை கதிர்முனையும் குரல்வளைப்படியும். எவரும் எதனையும் பங்கிட்டறியாத இடங்கள். கையாளப்படும் எண்ணைக் கையாள்வோரே காத்துக்கொள்கின்றனர். வியப்பதற்கென்று சுவரில் தொங்கவிட்ட எண்ணை யார் காப்பர்?

கணிப்பொறி இருக்க நாம் ஏன் கையாற் பெருக்க வேண்டும் என்று கேட்போரும் உளர். நன்று, கணிப்பொறியைக் கொண்டே பாருங்கள். ஆயின் ஒன்று சொல்வோம். நாம் அன்றிரவு வீட்டிலிருந்த சிறு கணக்குப் பொறியையும் எடுத்துப் பார்த்தோம். அது இருபத்திரண்டு இலக்கங்களைக் காட்ட இடமின்றி, முதற்சில இலக்கங்களை மாத்திரம் காட்டி எஞ்சியதை அடுக்காகச் சுருக்கிவிட்டது. நாம் தேடியது அச்சுருங்கிய பகுதியும் சேர்ந்த முழு எண்ணை. பென்சிலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

நம் கல்லூரியில் தமிழ் பயில்வோர் இவ்வட்டவணையைப் பெருமைக்காகவும், கணிதம் பயில்வோர் இதனை அறியாமலும் இருந்து வருகின்றனர் என்பது நம் மனத்தாங்கல். இரு திறத்தாரும் ஒரு மாலைப்பொழுது ஒருங்கே அமர்ந்து, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அதன் எண்ணையும், முந்திய வரியினின்று அது வந்த மடங்கையும், அதிலுள்ள பகா எண்களையும் எழுதி, ஒரே தாளில் அச்சிடலாம். மடங்கு எழுதப்பட்ட அட்டவணையில் இலக்கம் எளிதில் உதிராது. உதிர்ந்தாலும் ஒரு சிறுவன் கண்டுகொள்வான். செலவு மிகச் சொற்பம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் தம்பி தங்கையர் பள்ளிக்கு ஆளுக்கொரு படி எடுத்துச் செல்லலாம். இம்மியின் இருவேறு வழக்கையும் மறைக்காது இரண்டையும் எழுதுக என்பது நம் வேண்டுகோள்.

மறுநாட் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்த்தோம். கூட்டத்தில் நம் செருப்பு ஒன்று தொலைந்தது. மாலையில் இராஜபாளையம் திரும்பியபோது, கூடத்துச் சுவரிலிருந்த அச்சுப்படத்தில் கதிர்முனைக்கு முன் ஒரு 1உம், குரல்வளைப்படிக்கு முன் ஒரு 5உம் நீல மையில் எழுதப்பட்டிருந்தன. பள்ளியில் மாட்டியுள்ள படத்தையும் திருத்தலாமா என்று ஆசிரியரிடம் கேட்கப்போவதாக அப்பெண் சொன்னாள். கேட்டாளா, என்ன விடை வந்தது என்று அவள் தந்தைக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.